கேட்க ஆளுண்டு, படிக்க ஆளில்லை

தமிழ் சினிமாவில் திரைக்கதையை யாரும் படிப்பதில்லை. கேட்கிறார்கள். தயாரிப்பாளர் கேட்கிறார், நடிகர் கேட்கிறார், நடிகரின் மேலாளர் கேட்கிறார், சில சமயம் மேலாளரின் மைத்துனரும் கூட உட்கார்ந்து கேட்கிறார். கையில் 118 பக்கக் கட்டோடு போனாலும் அதை மேசை ஓரமாக நகர்த்திவிட்டு, "சொல்லுங்க" என்பார்கள். காதல் கதைக்கோ அடிதடிக் கதைக்கோ இந்த வழக்கம் பெரிய தீங்கு செய்துவிடாது. துப்பறியும் கதையைக் கொன்றுவிடும். அத்தோடு, அதைச் சேர்ந்து எழுதிய இருவரில் ஒருவரைக் காணாமலும் அடித்துவிடும். இரண்டும் ஒரே காரணத்தால் நடக்கின்றன என்பது என் கட்சி.

இதைப் பேச எனக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். நான் மென்பொருள் ஆலோசகன். முதுகலை படிக்க இங்கிலாந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவன். திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவன் இப்போது சென்னையில் இயக்குநர். ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த படத்துக்காகக் காத்திருக்கிறான். நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று வருடத்தில் ஒரு மர்மக் கதைக்குப் பதினோரு பிரதிகள் எழுதினோம். எனக்கு விடிகாலை, அவனுக்கு முற்பகல். நான் வேலைக்குக் கிளம்பும்வரை தொலைபேசியில் சண்டை. அது இன்னும் படமாகவில்லை. ஆகாமலும் போகலாம்.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பத்திர எழுத்தர் இறந்துபோகிறார். அவர் அலமாரியில் 1968இல் எழுதியதாக ஒரு கிரய ஒப்பந்தம் இருக்கிறது. அது போலி. போலி என்பதை எப்படி நிறுவுவது? நான் முதலில் சொன்ன துப்பு, 1968 தேதியிட்ட பத்திரத்தில் முத்திரைத்தாள் விற்பவரின் ரப்பர் ஸ்டாம்பில் 'தமிழ்நாடு' என்று இருப்பது. மாநிலத்தின் பெயர் மாறியது 1969 ஜனவரியில்தான். நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "மாப்ள, இது எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். தியேட்டர்ல முதல் வரிசையிலயே கத்திருவான்" என்றான். மறுவாரம் அவனே வேறொன்றைக் கொண்டுவந்தான்: ஸ்டாம்பில் உள்ள முகவரியின் கடைசியில் ஆறு இலக்க பின்கோடு. இந்தியாவில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. (எங்கள் கடைசிப் பிரதியில் இந்தத் துப்பு இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.)

ஒன்பதாம் காட்சியில் அந்தப் பத்திரம் பார்வையாளர் கண்ணில் படவேண்டும். எழுபத்தொன்றாம் காட்சியில்தான் அதன் பொருள் தெரியவேண்டும். இடையில் இருப்பதெல்லாம் மறைப்பு. ஒன்பதாம் காட்சியில் பத்திரத்தின் மேல் ஒரு டீ கிளாஸ் கவிழ்கிறது, அண்ணன் தம்பி இருவரும் கத்துகிறார்கள், ஒரு கை துண்டால் ஈரத்தை ஒற்றுகிறது. அந்த நாலு விநாடியில் ஸ்டாம்ப் முழுசாகத் திரையில் இருக்கிறது. எல்லோரும் டீயைப் பார்க்கிறார்கள், ஸ்டாம்பை யாரும் பார்ப்பதில்லை. டீயைக் கவிழ்த்தது அவன். அந்தப் பத்திரம் எந்த நாளில் யார் கையில் இருந்தது, யாருக்கு என்ன தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று பத்தொன்பது பாத்திரங்களுக்கும் எக்செல் அட்டவணை போட்டது நான். இப்படித்தான் மர்மக் கதை எழுதப்படுகிறது, இப்படி மட்டுமே எழுதப்பட முடியும்.

இப்போது இதை வாயால் சொல்லிப் பாருங்கள். "சார், பத்திரத்து மேல டீ கொட்டுது, ஸ்டாம்புல ஒரு பின்கோடு தெரியுது" என்றால், கேட்பவர் அந்த இடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். சொன்னதே அடிக்கோடு போட்டதாகிவிட்டது. சொல்லாமல் விட்டு, முடிவில் அவிழ்த்தால், "இதை முன்னாடி சொல்லவே இல்லையே, ஏமாத்துறீங்களே" என்பார். நண்பனுக்கு இரண்டும் நடந்தன. கண் ஒன்றைப் பார்த்தும் கவனிக்காமல் போகலாம். தாளில் படிப்பவர் கண்ணும் முகவரியின் கடைசி வரியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். காதுக்கு அந்த வசதி கிடையாது. சொன்னது எல்லாம் விழும், சொல்லாதது எதுவும் இல்லை. ஒளித்து வைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு வகைக் கதையை, எதையும் ஒளிக்க முடியாத ஒரு முறையில் விற்கச் சொல்கிறோம். பிறகு, தமிழில் ஏன் நல்ல துப்பறியும் படம் வருவதில்லை என்று கட்டுரை எழுதுகிறோம்.

கேட்டவர்கள் சொன்ன யோசனைகள் தனிக் கதை. ஒருவர் கொலைகாரன் யார் என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டால் மக்களுக்குக் குழப்பம் இருக்காது என்றார். இன்னொருவர் பத்திர எழுத்தரை மருத்துவக் கல்லூரி மாணவி ஆக்கலாமா என்று கேட்டார். இவர்கள் முட்டாள்கள் அல்ல. நாற்பது நிமிடம், நடுவில் ஆறு தொலைபேசி அழைப்புகள், இந்த நிலையில் ஒரு மனிதருக்கு எழக்கூடிய யோசனைகள் இவைதான்.

தமிழுக்கு இந்த வகை ஆகிவராது என்று சொல்பவர்களுக்கு 1954ஆம் வருடமே பதில் சொல்லிவிட்டது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' ஒரு பாட்டுகூட இல்லாமல், சிவாஜி கணேசனை ஆரம்பத்திலேயே சுட்டுக் கொன்றுவிட்டு, சுட்டது யார் என்று தேடுகிற படம். அதை எழுதியவர் ஜாவர் சீதாராமன். படத்தில் துப்பறியும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. 'உடல் பொருள் ஆனந்தி' எழுதிய நாவலாசிரியரும் அவரே. 'அந்த நாள்' பற்றிப் பேசும் பத்துப் பேரில் எத்தனை பேர் எழுதியவர் பெயரைச் சொல்கிறார்கள் என்று அடுத்த முறை எண்ணிப் பாருங்கள்.

மலையாளத்தில் எண்ண வேண்டியதில்லை. 1988இல் 'ஒரு சிபிஐ டைரிக் குறிப்பு' வந்தது. எழுத்து எஸ்.என். சுவாமி, இயக்கம் கே. மது. 2022வரை அந்த வரிசையில் ஐந்து படங்கள், ஐந்திலும் அதே எழுத்தாளர், அதே இயக்குநர். அங்கே எழுதியவர் வேறு, எடுத்தவர் வேறு என்று சொன்னால் இயக்குநரின் மரியாதை குறைவதில்லை. நம் ஊரில் 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று ஒரே பெயர் வராவிட்டால் அந்த இயக்குநரிடம் ஏதோ குறை என்று நினைக்கிறார்கள். பாக்யராஜும் டி. ராஜேந்தரும் எல்லாவற்றையும் தாமே செய்து ஜெயித்தார்கள். அவர்களுக்கு இருந்த தெம்பைப் பிறகு வந்த எல்லோருக்கும் கட்டாயம் ஆக்கிவிட்டோம்.

என் நண்பனை நான் குறை சொல்லவில்லை. "ரெண்டு பேர் பேரு போட்டா, சொந்தமா எழுதத் தெரியாதவன்னு நினைப்பாங்கடா. உன் பேரைக் 'கதை விவாதம்'ல போட்டுக்கலாம்" என்று அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். கதை விவாதம் என்ற அந்தத் தலைப்பு எவ்வளவு வசதியானது! கூட உட்கார்ந்து டீ குடித்தவரும் அதில் இருப்பார், பாதிக் காட்சிகளை எழுதியவரும் அதில் இருப்பார். எல்லாம் பேச்சில் நடந்தால் எல்லோரும் பேசியவர்கள்தான். எங்கள் தொழிலில் நாலு வரி மாற்றத்துக்கும் யார், எப்போது, ஏன் என்ற பதிவு இருக்கும். பல கோடி புழங்கும் தொழிலுக்கு அது இல்லை.

யார் எழுத்தாளர் என்ற கேள்வி எளிது என்று நான் சொல்லவில்லை. 'ஃபிளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ்' என்ற 2016ஆம் வருடப் படத்தின் திரைக்கதைக்கு நிக்கோலஸ் மார்ட்டின் பெயர் மட்டுமே இருந்தது. அவரோடு வாழ்ந்த ஓபரா பாடகி ஜூலியா கோகன் தானும் ஆசிரியர் என்றார். இங்கிலாந்து நீதிமன்றம் முதலில் மறுத்தது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, பேனா யார் கையில் இருந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது என்று மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2021இல் அவர் கூட்டாசிரியர், பங்கு 20 சதவீதம் என்று முடிவானது. என் அட்டவணைக்கும் அவன் கவிழ்த்த டீக்கும் என்ன சதவீதம் என்று எனக்குக் கணக்கு வேண்டாம். இரண்டு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

திரைக்கதை வெறும் வரைபடம், படம்தான் படைப்பு, எடுக்காததை எழுத்து என்று சொல்லலாமா என்று இலக்கியக்காரர்கள் கேட்பார்கள். இந்த எதிர்வாதத்துக்குப் பலம் உண்டு. 'தி தேர்ட் மேன்' கதையைக் கிரகாம் கிரீன் எழுதியது கேரல் ரீடின் படத்துக்காக. அது படிப்பதற்கென்று எழுதியதல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். முடிவில் நாயகனும் நாயகியும் சேரவேண்டும் என்று அவர் நினைத்தார், ரீட் மறுத்தார், ரீட் சொன்னதுதான் சரி என்று பின்னால் கிரீன் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்தச் சண்டை நமக்குத் தெரிவதற்குக் காரணம், கிரீன் அந்தக் கதையை 1950இல் புத்தகமாகப் போட்டு, முன்னுரையும் எழுதியதுதான்.

இன்னும் நெருக்கமான உதாரணம் ஹரால்ட் பின்டர். பிரூஸ்தின் பெரிய நாவலை 1972இல் திரைக்கதை ஆக்கினார். இயக்குநர் ஜோசப் லோசியும் பார்பரா பிரேயும் கூட உழைத்தார்கள். பணம் கிடைக்கவில்லை, லோசி அந்தப் படத்தை எடுக்காமலே 1984இல் இறந்தார். திரைக்கதை 1977இல் நூலாக வந்தது, மற்ற இருவர் பெயரையும் சொல்லியபடி. பிறகு வானொலியில் வந்தது, 2000இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறியது. கேமரா அதைத் தொட்டதே இல்லை. அதற்காக யாரும் அதைக் குப்பை என்று சொல்லவில்லை.

தமிழில் ஓடிய படங்களின் திரைக்கதைகள் புத்தகமாக வருகின்றன. ஏற்கனவே பார்த்ததைப் படிக்கிறோம். பார்க்கவே முடியாததைத்தான் படிக்கவேண்டும். துப்பறியும் கதைக்கு இது இன்னும் பொருந்தும், முடிவு தெரியாமல் படிக்கும் வாசகர் அதற்குத் தேவை.

இந்த இதழின் வாசகர்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மில் பலருக்குச் சென்னையில் ஓர் இயக்குநர் நண்பர் உண்டு. நாம் அவருக்கு ஒன்று பணம் போடக்கூடியவர், அல்லது இலவசமாக யோசித்துத் தரக்கூடியவர். "நீங்களே ஒரு கோடி போட்டு எடுக்க வேண்டியதுதானே" என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. வீட்டுக் கடன் எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். டொராண்டோவிலும் லண்டனிலும் முறையாகத் திரைக்கதை படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாளில் எழுதுவார்கள், நன்றாகவே எழுதுவார்கள். சென்னையில் போய் உட்கார்ந்தால், கோடம்பாக்கத்துப் பேச்சில் நாற்பது நிமிடம் நடித்துக் காட்டச் சொல்வார்கள். 'ழ' தடுமாறிய கணத்தில் கதை விழுந்துவிடும்.

ஆகவே என் கோரிக்கை இந்த இதழாசிரியர்களுக்கு. சிறுகதைக்கும் கவிதைக்கும் இடம் தருவதுபோல், எடுக்கப்படாத திரைக்கதைக்கும் வருடத்துக்கு ஒருமுறை இடம் தாருங்கள். அச்சில் பன்னிரண்டு பக்கம், மீதி மின்னிதழில். எழுதிய எல்லோர் பெயரும் தலைப்புக்குக் கீழே.

"போட்டா யாராவது சுட்டுருவாங்களே" என்பது நண்பனின் பயம். அவன் அதை இதுவரை ஏறக்குறைய நாற்பது அறைகளில் சொல்லியிருக்கிறான். திருடுகிறவனுக்கு அந்த நாற்பது அறைகள் போதாதா? 2018இல் 'சர்கார்' பட விவகாரத்தில் வருண் ராஜேந்திரன் என்ற எழுத்தாளருக்குக் கைகொடுத்தது, 'செங்கோல்' என்ற தன் கதையை அவர் எழுத்தாளர் சங்கத்தில் முன்பே பதிவு செய்திருந்ததுதான். ஒற்றுமை இருப்பதாகச் சங்கத் தலைவராக இருந்த பாக்யராஜ் சொன்னார். நீதிமன்றத்தில் சமரசமாகி, படத்தில் அவர் பெயரைக் குறிப்பிட ஒப்புக்கொண்டார்கள். பதிவு செய்த தாளுக்கு ஒரு தேதி இருக்கிறது. அச்சில் வந்த இதழுக்கும் ஒரு தேதி இருக்கிறது. நாங்கள் பதினோராவது பிரதியின் முதல் பக்கத்தில் இருவர் பெயரையும் போட்டு வைத்திருக்கிறோம், அகர வரிசைப்படி. அதில் அவன் பெயர்தான் முதலில் வருகிறது.