யூரியா நீரில் சிக்கனம் வேண்டாம்!

சென்னை–பெங்களூர் சாலையில் இருங்காட்டுக்கோட்டையைக் கடந்திருக்கிறீர்களா? 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலையின் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட டிரைலர் லாரிகள் அங்கே செல்வதைக் காணலாம். இன்றைய லாரிகளில் டீசல் தொட்டியோடு, நீல மூடியிட்ட சிறு தொட்டி ஒன்றும் உண்டு. அதில் இருப்பது எரிபொருள் அன்று. எடையில் நூற்றுக்கு 32.5 பங்கு தூய யூரியாவும் மீதி தூய நீரும் கலந்த கரைசல். இதை 'டெஃப்' அல்லது 'ஆட்புளூ' என்பார்கள்.

"பாரம் ஏற்றினால் டீசலோடு இதையும் அதிகம் குடிக்கிறதே!" என்று லாரி உரிமையாளர்கள் குறைப்படுவதுண்டு. இது குறையே அன்று என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதனோடும் எளிதில் சேராது. ஆனால் எஞ்சின் உருளைக்குள் வெப்பம் 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது ஆக்சிஜனுடன் கூடி நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. இவை நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயுக்கள். சூடான புகையில் யூரியாக் கரைசலைத் தெளித்தால் அம்மோனியா உண்டாகிறது. வினையூக்கியின் மீது அம்மோனியாவும் ஆக்சைடுகளும் வினைபுரிந்து, தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறுகின்றன.

டிரைலரை இழுக்கும்போது டீசல் அதிகம் எரிகிறது. நச்சு வாயுவும் பெருகுகிறது. அதைப் போக்கக் கரைசலும் அதிகம் வேண்டும். ஓர் உதாரணக் கணக்கு: பாரத்தோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு 300 கிலோமீட்டருக்கு 75 லிட்டர் டீசல் தேவை. டீசலில் நூற்றுக்கு 5 பங்கு என்று கொண்டால், கரைசல் 3.75 லிட்டர். காலியாகத் திரும்புகையில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கிடைத்தால், அதே விகிதத்தில் 2.5 லிட்டர் போதும்.

கனரக எஞ்சின்கள் ஒரு கிலோவாட்-மணிக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் அளவு, பாரத் 4 விதியில் 3.5 கிராம். 2020 ஏப்ரல் முதல் அமலான பாரத் 6 விதியில் அது சுமார் 0.4 கிராம்தான். இந்தப் பெரிய இறக்கத்தில் யூரியாவுக்கு முக்கியப் பங்குண்டு.

சிலர் குழாய்த் தண்ணீரில் உர யூரியாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உப்புகளும் அழுக்குகளும் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியைக் கெடுக்கும். உழவருக்காக மானியத்தில் விற்கும் உரமும் வழிதவறிப் போகிறது. வேறு சிலர் கரைசல் செலவாவதாகப் பொய்க் குறிப்புக் கொடுக்கும் மின்னணுக் கருவியைப் பொருத்துகிறார்கள். ஐரோப்பியச் சாலைச் சோதனைகளில் இத்தகைய கருவிகள் பிடிபட்டுள்ளன. இவ்விதம் மிச்சமாகும் பணத்துக்கு விலை கொடுப்பவர் யார்? சாலையோரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நீங்களும் நானும்தான்.

ஓட்டுநர் மீது பழிபோடுவதும் சரியன்று. சுமையைத் தீர்மானிப்பவர் அவரல்லர். டீசலைப் போலவே கரைசலின் செலவையும் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப வாடகையில் சேர்க்க வேண்டும். சரக்கை அனுப்புபவர் அதை ஏற்க வேண்டும். பாரம் யாருடையதோ, அதன் புகையைத் துப்புரவாக்கும் பொறுப்பும் அவருடையதே அல்லவா?