நீட்டிக்கப்பட வேண்டியது எது?

மடிக்கணினியின் உத்தரவாதக் காலம் முடியப்போகிறது என்ற குறுஞ்செய்தி வந்தவுடன் ஆய்வு மாணவர்க்கு ஓர் அறிவுரையும் வந்து சேர்கிறது: "ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருக்கிறது, பணத்தைப் பார்க்காமல் வாரண்டியை நீட்டித்துவிடுங்கள்." மூத்த ஆய்வாளர்களும் நெறியாளர்களும் இதை நல்லெண்ணத்துடனே சொல்கின்றனர். ஆயினும் இவ்வறிவுரை பிழையானது. உத்தரவாத நீட்டிப்பு ஆய்வேட்டைக் காப்பதில்லை; பல ஊர்களில் கணினியையும் காப்பதில்லை.

இதனை நகரத்து வளாகத்தில் இருந்துகொண்டு சோதித்தல் போதாது. கம்பம்மெட்டில் சோதிக்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறி இடுக்கி மாவட்டத்தைத் தொடும் எல்லைச் சிற்றூர் அது. மலைக்குக் கீழே தமிழ்நாடு. மேலே ஏலத்தோட்டங்களின் கேரளம். விடியற்காலையில் தமிழகத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறுகின்றன. அத்தகைய தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து முனைவர் பட்டம் வரை வந்த ஒருவர், நான்காண்டு பழகிய மடிக்கணினிக்கு நீட்டிப்புக் கட்டணம் செலுத்தலாமா என்று கேட்டால், அவருக்கு என்ன விடை சொல்வது?

முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும். வழக்கமான நீட்டிப்பு ஒப்பந்தம் ஏற்பது உற்பத்திக் குறைபாட்டை மட்டுமே. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, இடி மின்னல், நீர் புகுதல், கீழே விழுதல் ஆகியவை பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். பேட்டரி தேய்பொருள் எனத் தள்ளப்படும். மலைநாட்டிலோ கணினியைக் கொல்பவை இவையே. தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் நிற்கும் ஈரம், ஐப்பசி மழையின் இடி மின்னல், அடிக்கடி போய் வரும் மின்சாரம், ஜீப்பின் குலுக்கல் ஆகிய நான்கையும் விலக்கிய பின்னர் எஞ்சுவது எது? நடக்கக்கூடியதை விலக்கி, நடப்பது அரிதானதை விற்கும் தாள் அது.

அடுத்தது தொலைவு. வீடு தேடி வரும் பழுதுநீக்கம் என்பது அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பொறுத்த வாக்குறுதி. எல்லை ஊரில் இருப்பவர்க்கு, கீழே கம்பத்தின் கடைத்தெரு அருகிலிருந்தும் அது வேறு மாநிலம். தம் மாநிலத்து நகரங்களோ மலைச்சாலையில் பல மணி நேரப் பயணம். இதனினும் கொடிய விதி ஒன்று உண்டு: அங்கீகாரம் பெறாத ஒருவர் கணினியைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்பது. அதாவது, ஒரே பிற்பகலில் பழுதை நீக்கித் தரக்கூடிய அருகிலுள்ள மெக்கானிக்கிடம் போகாதிருக்க மாணவர் பணம் கட்டுகிறார்.

கணக்கையும் பார்க்கலாம். நீட்டிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்றும், பழைய கணினியின் இன்றைய மதிப்பு 15,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் ஏற்கும் வகையிலான முழுப்பழுது ஐந்தில் இரண்டு முறை நேர்ந்தால்தான் இந்த 6,000 சமனாகும். அதற்குக் குறைந்தால் மாணவர்க்கு இழப்பு, விற்பவர்க்கு ஆதாயம். அந்த ஆதாயம் இல்லாவிடில் அப்பொருள் சந்தைக்கே வந்திராது.

"15,000 ரூபாய் இழப்பு ஏழை மாணவரை முறித்துவிடாதா? காப்பீடு ஏழைக்கன்றோ வேண்டும்?" என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் ஏழைக்கு அந்த 6,000 ரூபாயும் பெரிது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வுநல்கையில் கலைப்புலத்தார்க்கு முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கான எதிர்பாராச் செலவுத்தொகை 10,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத நல்கை பெறும் முனைவர்பட்ட மாணவர்க்கு மாதம் 8,000 ரூபாய். இந்த வருவாயில் 6,000 ரூபாயை ஒரு தாளுக்கு ஈந்தபின், வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கும் புதிய பேட்டரியும் வாங்க என்ன மிஞ்சும்? அவையல்லவா உண்மைக் காப்பு! கணினி எரிந்தால் மற்றொன்றை இரவல் பெறலாம். மூன்றாண்டுக் களப்பணிப் பதிவுகளை யாரிடம் இரவல் பெறுவது? தரவு இழப்புக்குப் பொறுப்பில்லை என்று உத்தரவாத ஒப்பந்தங்களே எழுதிக்கொள்கின்றன. இரு பிரதிகள் இரு வேறு இடங்களில் இருத்தலே ஆய்வேட்டிற்கான உத்தரவாதம்.

மென்பொருளின் முதுமையையும் நீட்டிப்பு தடுப்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வன்பொருள் நலமாயிருந்தும் பல கணினிகள் அடுத்த பதிப்பிற்குத் தகுதியற்றவை ஆயின. கேரளப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கையாளும் லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளே பழைய கணினிக்குச் செலவில்லாத ஆயுள் நீட்டிப்பு.

நீட்டிப்பு எப்போதுமே வீண் என்பதன்று. நினைவகமும் சேமிப்பகமும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட விலையுயர்ந்த கணினி, விபத்துச் சேதத்தையும் ஏற்கும் ஒப்பந்தம், உண்மையிலேயே வீட்டுக்கு வரும் பணியாளர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தால் வாங்கலாம். அமையாவிடில், காலம் முடியுமுன் கணினியை முழுமையாகச் சோதித்து, கண்ட குறைகளை எழுத்தில் புகாராகப் பதிவதே அறிவுடைமை. பிறகும் மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாழும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை.

எனினும் இதனைத் தனிமனிதச் சிக்கனமாகச் சுருக்குவதே பெரும்பிழை. 2018இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் 45,000 வகுப்பறைகளுக்காக மொத்தமாக வாங்கிய கேரளத்தின் கைட் நிறுவனம், கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் பெற்றது. தனியே கடைக்குச் செல்லும் மாணவர்க்குப் பெரும்பாலும் ஓராண்டே கிடைக்கிறது. பொருள்களுக்கிடையே அத்துணை வேறுபாடில்லை. பேரம் பேசும் வலிமையில்தான் வேறுபாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், உத்தரவாதக் காலத்தில் மாற்றுப்பொருள் கேளாமல் பழுதுநீக்கத்தைத் தேர்வோர்க்கு அக்காலத்தை ஓராண்டு கூட்டித் தருகிறது, கட்டணமின்றி. இந்தியாவோ 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, இணையதளமும் திறந்தது. உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் இன்னும் வரவில்லை.

ஆகவே அறிவுரை கூறும் துறைகள் தம் கடமையைச் செய்யட்டும். ஆய்வு மாணவர்க்கான கணினிகளைப் பல்கலைக்கழகமே மொத்தமாகப் பேரம் பேசி, பட்டக்காலம் முழுவதற்குமான உத்தரவாதத்துடன் பெற்றுத் தரட்டும். ஊர் மெக்கானிக் தரும் ரசீதையும் எதிர்பாராச் செலவில் ஏற்கட்டும். கணினி பழுதான மாதத்திற்கு நூலகத்தில் இரவல் கணினி இருக்கட்டும். நீட்டிக்கப்பட வேண்டியது நிறுவனங்களின் பொறுப்பு. அதைச் செய்யாமல் மாணவரிடம் 6,000 ரூபாய் கட்டச் சொல்வது, தம் சுமையை அவர் தோளில் ஏற்றிவிட்டு அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் சூட்டுவதாகும்.