தைப் பட்டம் டில்லிக்கு ஆகாது

ஊருக்குப் போய்த் திரும்பும் டில்லித் தமிழர் பெட்டியில் காப்பிப் பொடி, அப்பளக் கட்டு, இவற்றோடு ஒரு விதைப் பொட்டலமும் இருப்பது வழக்கம். காப்பிப் பொடியும் அப்பளமும் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். விதை மண்ணுக்குள் போய், பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். "டில்லி மண்ணில் ஒன்றும் வராது" என்ற தீர்ப்பும் கையோடு பிறந்துவிடும்.

மண்ணின் மேல் பழி போடுவது நியாயமல்ல. அதே மண்ணில் அடுத்த பிளாக் பஞ்சாபிக்காரர் சித்திரை முழுவதும் வெண்டைக்காய் பறிக்கிறார். வித்தியாசம் விதைக்கிற தேதியில்தான் இருக்கிறது.

பொங்கல் லீவு முடிந்து வருகிறவர், தைப் பட்டம் தவறக் கூடாதென்று வந்த வாரமே பாத்தி கட்டி வெண்டை விதையைப் போட்டுவிடுகிறார். மதுரையில் அது சரி. டில்லியில் ஜனவரி மாதத்து இரவு 7, 8 டிகிரிக்கு இறங்குகிறது. வெண்டை விதை முளைக்க மண்ணில் சுமார் 20 டிகிரி சூடாவது வேண்டும். குளிர்ந்த ஈர மண்ணில் கிடக்கும் விதை அழுகாமல் என்ன செய்யும்? இங்கே வெண்டை, கொத்தவரை, சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி எல்லாவற்றுக்கும் மாசி பிறக்க வேண்டும். பிப்ரவரி நடுவில், பகலில் ஸ்வெட்டரைக் கழற்றி வைக்கத் தோன்றும் நாள்தான் சரியான முகூர்த்தம். மார்ச் நடுவோடு அது முடிந்துவிடும்.

ஆடிப் பட்டம் தேடி விதை என்ற பழமொழி மட்டும் டில்லிக்கும் பொருந்துகிறது. ஜூன் கடைசியில் பருவமழை எட்டிப் பார்த்துவிடும். ஆடி மாதம் நல்ல மழைக்காலம். புடலையும் அவரையும் அப்போது ஊன்றலாம். அவரைக்கு ஒரு குணம் உண்டு. பகல் பொழுது குறுகினால்தான் அது பூக்கும். ஆடியில் போட்ட கொடி ஐப்பசிக்குப் பிறகுதான் காய்க்கத் தொடங்கும். அதற்குள் பொறுமையிழந்து, இலையாகவே படர்கிறதே என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு.

பெரிய மாறுதல் புரட்டாசியில்தான். சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்கிறது. அங்கே ஐப்பசியில் கீரை விதைத்தால் அடைமழை அடித்துக்கொண்டு போய்விடும். டில்லியிலோ முக்கால் பங்கு மழை செப்டம்பரோடு முடிந்துவிடுகிறது. வானம் வெளுத்து, வெயில் தணிந்து, வருடத்திலேயே சிறந்த விதைப்புக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. முள்ளங்கி, கேரட், பாலக் கீரை, வெந்தயம், கொத்தமல்லி எல்லாம் இந்தப் பட்டத்துப் பயிர்கள், பட்டாணிக்கு ஐப்பசி. நவராத்திரிக் கொலுப் படியில் முளைப்பாரி வைக்கும் வீடுகள் கூட, வெளியே பாத்தியைச் சும்மா போட்டு வைத்திருப்பது வேடிக்கைதான்.

கார்த்திகையில் தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாற்றுவிட வேண்டும். பனி தாக்காமல் இரவில் சாக்கு போட்டு மூடிக் காப்பாற்றினால் ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் பிடுங்கி நடலாம். தக்காளி மே மாத வெயிலில் பூவை உதிர்த்துவிடும் என்பதால் இங்கே நாள் தள்ளிப்போடுவதற்கு இடமில்லை. மார்கழியிலும் தையிலும் புதிதாக ஒன்றும் விதைக்காமல் இருப்பதே உத்தமம். அந்த நாட்களில் கறிவேப்பிலைச் செடி இலை கொட்டி நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். வெயில் ஏறியதும் துளிர்த்துவிடும்.

எந்த ரகம் என்பதும் தேதியோடு ஒட்டிய விஷயம். காலிபிளவரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பருவ ரகத்தைக் காலம் தாழ்த்தி விதைத்தால் பூ பொத்தான் அளவில் நின்றுவிடும். குளிர்கால ரகத்தை முன்கூட்டி விதைத்தாலோ குளிர் வரும் வரையில் வெறும் இலைதான். கடைக்காரரிடம் "கோபி விதை கொடு" என்று மட்டும் கேட்டு வாங்குகிறவர் லாட்டரிச் சீட்டு வாங்குகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள டில்லிவாசிகள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1905-ல் பீகாரில் பூசா என்னும் ஊரில் ஆரம்பிக்கப்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், 1934-ம் ஆண்டுப் பூகம்பத்தில் கட்டடம் சிதைந்தபின் 1936-ல் டில்லிக்கு வந்தது. பழைய ஊரின் பெயரும் கூடவே வந்துவிட்டது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் இயக்குநராக இருந்த நிலையம் அது. மழைக்கால வெண்டையைப் பிடிக்கும் மஞ்சள் நரம்பு நோய்க்கு மாற்றாக அங்கே உருவான 'பூசா சாவனி' ஒரு காலத்தில் நாடெங்கும் போயிற்று. பிறகு அந்த ரகமும் நோய்க்குப் பணிந்துவிட, 'பூசா ஏ-4' போன்ற ரகங்கள் வந்தன. முள்ளங்கியில் கோடைக்கு 'பூசா சேத்கி', குளிருக்கு 'பூசா ஹிமானி' என்று பருவத்துக்கொரு ரகம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே வேளாண் மேளா நடக்கிறது, விதையும் வாங்கலாம். கரோல் பாகில் குடியிருந்துகொண்டு பூசா ரோட்டில் தினம் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் அந்த வாசலுக்குள் நுழைந்திருப்பார்கள்?

தேதிக்கு அடுத்தபடியாக அளவு. பொட்டலத்தைப் பிரித்தால் ஒரே நாளில் காலி செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் பலரை விடுவதில்லை. முள்ளங்கி 40, 45 நாளில் தயாராகிவிடும். ஒரே நாளில் விதைத்த அறுபது முள்ளங்கியும் ஒரே வாரத்தில் முற்றும். நான்கு நாள் தொடர்ந்து சாம்பார் வைத்து, அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து, மீதி உள்ளே பஞ்சாகிக் குப்பைக்குப் போகும். மறுவாரம் மண்டியில் காசு கொடுத்து முள்ளங்கி வாங்க வேண்டியிருக்கும். இதற்குப் பதிலாக, மாதத்தில் ஒன்றாம் தேதி ஒரு வரிசை, பதினாறாம் தேதி ஒரு வரிசை என்று வைத்துக்கொண்டால் புரட்டாசியிலிருந்து மாசி வரையில் அடுப்புக்குத் தேவையானது தேவையான போது கிடைக்கும். முள்ளங்கி, கொத்தமல்லி, வெந்தயக் கீரை, கோடையில் முளைக்கீரை ஆகியவற்றுக்குத்தான் இந்தத் தவணை முறை. சுரை, கத்தரி, மிளகாய், அவரை போன்றவை ஒரு முறை போட்டால் மாதக்கணக்கில் காய்ப்பவை. அவற்றுக்குத் தவணை வேண்டாம். கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்த பிறகு விதைப்பது நல்லது.

டில்லித் தமிழர் தோட்டத்துக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. அது கோடை லீவு. மே மாத நடுவில் பள்ளிக்கூடம் மூடியதும் குடும்பம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்கிலோ ஏறிவிடும். லூ வீசும் அந்த ஒன்றரை மாதத்தில் தண்ணீர் ஊற்ற யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டாரைச் சொல்லிவிட்டுப் போகலாம். அவர் வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் வராத நாட்களில் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

ஆகவே டில்லியில் விதைப்புக் கணக்கைப் பயணத் தேதியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். ரெயில்வே முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. மே 20-ம் தேதி புறப்படுகிறவருக்கு மார்ச் 21-ல் டிக்கெட் கிடைக்கும். வெண்டை விதைத்து 45, 50 நாளில் காய்க்கும். முன்பதிவு நாளில் விதைத்தால் புறப்படுவதற்கு முன் பத்து நாள் பறிக்கலாம், அவ்வளவுதான். எனவே மாசி விதைப்பு அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். டிக்கெட் கையில் வந்த பிறகு 40 நாள் முள்ளங்கியும் கீரையும் தவிர வேறெதையும் தொடாமலிருப்பது புத்திசாலித்தனம். புறப்படும் வாரம் பாத்தியைக் காலி செய்து, தொழு உரம் போட்டுக் கொத்திவிட்டுப் போனால் மே வெயில் களையையும் பூச்சியையும் ஓரளவு சுட்டுவிடும். திரும்பி வரும்போது முதல் மழைக்கு மண் தயாராயிருக்கும்.

சில ரூபாய்க் கீரைக்கு இவ்வளவு கணக்கா என்று கேட்பவர்கள் 2023 ஜூலையை நினைத்துப் பார்க்கலாம். அந்த மாதம் டில்லியில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அப்போது ரசத்துக்குப் புளி மட்டும் கரைத்த வீடுகள் பல. விலை ஒருபுறமிருக்க, யமுனைப் படுகையில் சாக்கடை நீர் பாய்ச்சி விளையும் காய்கறியைப் பற்றிய அச்சமும் இருக்கிறது. நதி சுத்தமாகும் வரையில் அங்கே உணவுப் பயிர் வைக்கக் கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் தடை விதித்தது. தடை விதித்தும் சாகுபடி முற்றாக நின்றுவிடவில்லை. தள்ளுவண்டியில் வரும் பாலக் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று யார் சொல்ல முடியும்?

1965-ல் உணவுப் பஞ்சம் மிரட்டியபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தம் வீட்டுப் புல்தரையையே உழுது பயிரிட்டுக் காட்டினார். சர்க்கார் குவார்ட்டர்ஸின் கீழ்த்தளத்துக் குமாஸ்தாக்களுக்கும் அப்போது கையகல மண் இருந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற காலனிகளைப் புதுப்பிக்க 2016-ல் மந்திரிசபை அனுமதி தந்தபின், பழைய வீடுகள் இடிபட்டு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. வாசல் மண் போய் பால்கனி மிஞ்சியது. பால்கனியிலும் இந்தத் தேதிகள் மாறுவதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பால்கனிக்குத்தான் வெயில். வடக்குப் பால்கனிக்காரர் குளிர்காலத்தில் தொட்டியை மொட்டை மாடிக்குத் தூக்க வேண்டியதுதான்.

ஊரிலிருந்து வரவழைக்கும் தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் இருக்கிறது. டில்லியில் எந்த வாரம் எதை விதைப்பது என்பது இல்லை. அது சிவகாசியில் அச்சடிப்பவர் குற்றமல்ல. ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் டில்லித் தமிழ்ச் சங்கம் பூசா நிலையத்தாரைக் கேட்டு, தமிழ் மாதங்களை ஒட்டி ஒரே ஒரு தாளில் விதைப்பு அட்டவணை அச்சிட்டுக் கொடுக்கலாம். தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் ஏழிலும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். புரட்டாசிப் பட்டத்துக்கு அது கிடைக்க வேண்டுமானால் ஆவணிக்குள் அச்சாக வேண்டும்.