ஏழு வருசம் வீட்டில் இருந்தால் கைத்தொழில் மறந்துபோகுமா?



போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். கோவில் வாசலில் சுற்றும் நாய் ஒன்று எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. எங்களோடு காய் நறுக்கும் அக்கா ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு போய் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். "வெளுத்துப்போச்சு, ரத்தம் கம்மி. காலைவரைக்கும் வைக்காதீங்க, இப்பவே தூக்குங்க" என்றார். உண்ணிக் காய்ச்சலாம். பிழைத்துவிட்டது.

அந்த அக்கா ஒரு விலங்கு கிளினிக்கில் தாதியாக இருந்தவர் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு ஏழு வருசம் ஆகிறது. இப்போது திரும்பப் போகலாம் என்று கேட்டால், "வேணும்னா கவுண்டர்ல உட்காருங்க" என்கிறார்களாம். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

இடைவெளி சின்ன விசயம் என்று நாங்கள் சொல்லவில்லை. மருந்துகள் மாறியிருக்கும், கருவிகள் மாறியிருக்கும். எடை பார்த்து மருந்து கணக்கிடும்போது ஒரு புள்ளி தள்ளிப்போனால் பூனைக்குட்டியின் உயிர் போய்விடும். அக்காவின் பயமும் அதுதான். அதற்கு மருந்து கவுண்டர் இல்லை, பயிற்சி.

பிரிட்டனில் பதிவு பெற்ற கால்நடைத் தாதிகள் ஆண்டுக்கு 15 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும். 5 ஆண்டுகளுக்கு மேல் பதிவேட்டில் இல்லாதவர்கள், மேற்பார்வையில் வேலை செய்து காட்டிவிட்டுத் திரும்பலாம். வழி ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே முதலாளி மனசு வைத்தால்தான் உண்டு.

2 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு 12 மாத வருமான வரி விலக்கு 2018 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் சம்பளமே வரிக்கு எட்டாதவருக்கு அதனால் என்ன லாபம்?

கிளினிக் நடத்தும் உறவுகளே, ஆறு வாரம் சம்பளத்தோடு ஒரு மூத்த தாதி பக்கத்தில் நிற்க விடுங்கள். முதலில் பார்க்கட்டும். பிறகு விலங்கைப் பிடிக்கட்டும், ரத்தம் எடுக்கட்டும். மயக்கத்தில் இருக்கும் விலங்கைக் கண்காணிப்பது கடைசியில். ஒவ்வொன்றும் முடிந்ததும் டாக்டர் கையெழுத்துப் போடட்டும். வேலை நேரத்தைப் பள்ளிக்கூட நேரத்தோடு ஒட்டிக் கொடுங்கள்.

எங்கள் பங்குக்கு, சனிக்கிழமை டியூசன் நடக்கும் கோவில் மண்டபத்தில் அவர்களின் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறோம். சாப்பாடும் உண்டு.

காய் நறுக்க எங்களுக்கு வேறு ஆள் கிடைக்கும். ஈறைப் பார்த்து உயிரைக் காப்பாற்றுகிற கை லேசில் கிடைக்காது.