யோகா என்ற ஒரு சொல் போதாது

சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஒன்றைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், மாத்திரையின் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை என்பவற்றைச் சொல்லாமல் 'நோயாளிகளுக்கு மருந்து தரப்பட்டது' என்று மட்டும் எழுதினால் எந்த மருத்துவ இதழும் அதை ஏற்காது. ஆனால், 'நோயாளிகள் மூன்று மாதம் யோகா செய்தனர்' என்பதற்கு மேல் விவரம் தராத கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. எந்த ஆசனம், எத்தனை நிமிடம், மூச்சை உள்ளே நிறுத்தச் சொன்னார்களா, கற்றுக்கொடுத்தவர் யார், எத்தனை பேர் வீட்டில் தொடர்ந்து செய்தார்கள் என்பதையெல்லாம் வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சவாசனமும் யோகாதான், சிரசாசனமும் யோகாதான். இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி 'பலன் கிடைத்தது' என்று முடிப்பது ஆய்வாகாது.

இப்படி எழுதத் தெரியாத நாடல்ல இது. யோகப் பயிற்சியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்த சுவாமி குவலயானந்தர், 1924-இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவியதோடு, முடிவுகளை வெளியிட 'யோக மீமாம்சா' இதழையும் தொடங்கினார். மருத்துவர் நாகரத்னாவும் நாகேந்திராவும் 1985-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆஸ்துமா பற்றி எழுதிய கட்டுரையின் சுருக்கத்திலேயே விவரம் தெளிவாக இருந்தது: 53 நோயாளிகள், அவர்களுக்கு இணையான 53 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு, இரண்டு வாரப் பயிற்சி, அதன் பின் தினமும் 65 நிமிடம். மூச்சுப் பயிற்சி, சூரிய நமஸ்காரம், ஆசனம், பிராணாயாமம், தியானம் என்று கூறுகளும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

விவரம் விடுபடுவதன் சுமை நோயாளி தலையில்தான் விழுகிறது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பயில்வோர் 75 பேரைச் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கானது தெரியவந்தது. கண் நீரழுத்த நோய் உள்ள ஒருவருக்கு இந்த ஒரு தகவல் பார்வையைக் காப்பாற்றக்கூடியது. தீங்கு நேர்ந்ததா என்று கேட்காமலும், கேட்டதை எழுதாமலும் விடும் ஆய்வு அவரைக் கைவிடுகிறது.

இன்னொன்றையும் நாம் நேர்கொண்டு பார்க்க வேண்டும். குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்தப்பட்ட 306 யோகா ஆய்வுகளைத் திரட்டிய 2015-ஆம் ஆண்டின் மதிப்பாய்வு ஒன்று, பத்தில் ஒன்பது ஆய்வுகள் சாதகமாகவே முடிந்திருப்பதைக் காட்டியது. சாதகமான முடிவுக்கான வாய்ப்பு விகிதம் பிற நாட்டு ஆய்வுகளைவிட இந்திய ஆய்வுகளில் சுமார் 25 மடங்கு. இங்கே யோகா நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்பது காரணத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம். ஆனால், ஏமாற்றம் தந்த முடிவுகள் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றனவோ என்ற ஐயத்தை இந்த எண்ணைப் பார்த்த பிறகு தவிர்க்க முடியாது. எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே பதிவுசெய்ய 2007 முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல், தொடங்கிவிட்ட ஆய்வுகளை அது ஏற்பதும் இல்லை. பதிவில் சொன்னதைக் கட்டுரையில் மாற்றி எழுதுபவரை இதழாசிரியர்கள் கேள்வி கேட்டால்தான் அந்த ஏற்பாட்டுக்குப் பொருள் உண்டு.

நேர்மையாக எழுதினால் யோகாவின் மதிப்பு குறைந்துவிடும் என்ற அச்சம் வீணானது. மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரைக் கொண்டு இந்தியாவின் 24 மையங்களில் நடந்த 'யோகா-கேர்' ஆய்வு 2020-இல் வெளியானது. நேரடி வகுப்புகள் 13. மரணம், மீண்டும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடும் பாதிப்புகள் யோகா குழுவில் 6.7 விழுக்காடு, ஒப்பீட்டுக் குழுவில் 7.4 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், உறுதிசெய்யும் அளவுக்கு ஆய்வுக்கு வலு இல்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நோயாளிகள் தம் உடல்நிலையைச் சற்று மேலாக உணர்ந்ததையும், பழைய வேலைகளுக்குத் திரும்பியதையும் பதிவுசெய்தார்கள். இப்படி எழுதுபவர்களைத்தான் நம்ப முடியும்.

யோகா ஆய்வில் எவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று 21 அம்சங்களைப் பட்டியலிடும் 'கிளாரிஃபை 2021' என்ற சர்வதேச வழிகாட்டி இருக்கிறது. அதைப் பின்பற்றாத கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு உட்படாத ஆய்வுத் திட்டத்துக்கு நெறிமுறைக் குழுக்கள் ஒப்புதலும், ஆயுஷ் அமைச்சகம் பொதுப்பணமும் தரக் கூடாது. யோகா நம் பண்பாட்டுச் செல்வம் என்பது விலக்குக் கேட்பதற்கான காரணம் ஆகாது. சொந்தச் சொத்தின் கணக்கைத்தான் கூடுதல் கவனத்தோடு எழுத வேண்டும்.

செய்தித்தாள்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே. சர்வதேச யோகா தினமான ஜூன் 21 நெருங்கும்போதெல்லாம் 'ரத்த அழுத்தத்தைக் குணமாக்கும் யோகா' என்று தலைப்பிடுகிறோம். மறுநாள் அந்தத் துணுக்கை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒருவர் மருத்துவரிடம் போகிறார். மேசையில் விரித்து, "இதைச் செஞ்சா மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" என்று கேட்கிறார். அவர் கேட்கவாவது செய்கிறார். கேட்காமலே நிறுத்துபவர்களுக்கு நேரும் கேட்டில் எங்கள் தலைப்புக்கும் பங்குண்டு.

எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது, என்ன பயிற்சி, எத்தனை நாள், எதனோடு ஒப்பிட்டார்கள், யாருக்காவது தீங்கு நேர்ந்ததா: இந்த ஐந்துக்கும் விடை இல்லாத யோகா ஆய்வுச் செய்தியை இனி வெளியிட மாட்டோம். தவறி வெளிவந்தால், வாசகர்கள் எங்களுக்கு எழுதிக் கணக்குக் கேட்க வேண்டும்.