அச்சுடன் பிரேக்கையும் வாங்குக

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நெல், கரும்பு, மணிலா ஏற்றும் டயர் வண்டிக்குப் பழைய மோட்டார் வண்டியின் பின் அச்சைக் கழற்றிப் பொருத்துவது சிக்கனமான வழிதான். ஆனால் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, வில்பட்டையையும் பிரேக்கையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவது சரியல்ல.

காரணம், மாட்டின் கழுத்து. மாடு தொடர்ந்து சோர்வின்றி இழுக்கக்கூடிய விசை அதன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. 300 கிலோ மாட்டுக்கு 30 கிலோ. வில்பட்டை இல்லாவிட்டால் பள்ளத்தில் விழும் அதிர்ச்சி நுகத்தடி வழியே கழுத்தில் இறங்கும். பிரேக் இல்லாவிட்டால் ஏரிக்கரைச் சரிவில் பாரத்தின் உந்தலை மாடுகளே தாங்கி நிறுத்த வேண்டும். கழுத்துப் புண் கண்ட மாடு உழவு நாளில் கொட்டிலில் நிற்கும். மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

கழற்றும்போது, வண்டியின் சட்டத்தை உறுதியான மரக்கட்டைகள்மேல் நிறுத்திய பிறகே யூ போல்ட்டைத் தளர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. லாரி அச்சானால் உள்தண்டுகளை உருவிவிட்டு, துளையைத் தகட்டால் மூடுவது நல்லது. உள்ளிருக்கும் பல்சக்கரம் வீணே சுழலாது, இழுவையும் குறையும். டிரம் பிரேக்கைக் கைப்பிடியால் இயங்கும்படி பட்டறையில் அமைத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலையில் இரவில் செல்லும் வண்டிக்குப் பின்புறம் சிவப்பு ரிப்ளெக்டரும் அவசியம்.

ஆகவே விலை பேசும்போதே அச்சு, வில்பட்டை, பிரேக் மூன்றையும் சேர்த்துப் பேசுவதே விவசாயிக்கு லாபம்.