ஐஸ் போதையும் இன்சுலின் ஊசியும்: கணக்கில் வராத பிள்ளைகள்

ஐஸ் பற்றி நாட்டில் நடக்கும் பேச்செல்லாம் பொலிஸ் பேச்சாகவே இருக்கிறது. 5 கிராமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கூறியது. 2023 டிசம்பரில் 'யுக்திய' வந்தது. 2025 ஒக்டோபரில் இன்னுமொரு தேசிய நடவடிக்கை ஆரம்பமானது. கைதுகளும் கிலோக் கணக்குகளும் செய்தியாகின்றன. இவை தேவையில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முதலாம் வகை நீரிழிவுள்ள பதின்ம வயதுப் பிள்ளைகள் இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

சீனி வருத்தம் என்றதும் நமக்கு வாப்பாவும் மூத்தம்மாவும்தான் நினைவுக்கு வருகிறார்கள். முதலாம் வகை வேறு. அதில் சதையி இன்சுலின் சுரப்பதை ஏறத்தாழ முற்றாகவே நிறுத்திவிடும். ஊசி இல்லாமல் வாழ முடியாது. சிறு வயதில் உம்மா போட்டுவிடுவார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை தானே போடத் தொடங்கும். கூட்டாளிமார் வழியாகப் போதை நெருங்குவதும் ஏறத்தாழ அதே வயதில்தான்.

ஐஸ் பசியையும் தூக்கத்தையும் விரட்டுகிறது. இரவு பகல் தெரியாதவனுக்கு ஊசி நேரம் எங்கே நினைவிருக்கும்? போதை கிளப்பும் ஹோர்மோன்கள் சீனியை உயர்த்துகின்றன, உடலில் நீரும் வற்றுகிறது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரிக்க, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்கிறது. தாகம், வாந்தி, வயிற்றுவலி, பழவாடை கலந்த மூச்சு, பிறகு மயக்கம். ஒரு நாளைக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகலாம். வீட்டார் அதைக் 'கேஸ்ட்ரிக்' என்று நினைத்து ஒரு குளிசை கொடுத்துப் படுக்க வைப்பார்கள்.

கஞ்சா மூலிகைதானே என்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் முதலாம் வகை நீரிழிவுள்ள 450 வளர்ந்தோரிடம் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. கஞ்சா பாவித்தோரிடம் இந்த அமில நிலை ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. கஞ்சாதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. அலட்சியப்படுத்தக் கூடியதும் அல்ல.

மதுவில் ஆபத்து மறுபுறமாக வருகிறது. ஈரல் சீனியை வெளிவிடுவதை அது தடுப்பதால், நள்ளிரவில் சீனி அடியோடு இறங்கலாம். தடுமாற்றம், உளறல், வியர்வை எல்லாம் வெறி போலவே தெரியும். 'தூங்கட்டும்' என்று நண்பர்கள் விட்டுப் போய்விடுவார்கள்.

இத்தனைக்கும் மேல் மௌனம். கிளினிக்கில் உம்மா பக்கத்தில் இருக்க, "ஊசி ஒழுங்காகப் போடுறீங்களா மகன்?" என்று வைத்தியர் கேட்டால் அவன் தலையாட்டத்தான் செய்வான். இந்த வயதினரைச் சிறிது நேரமாவது தனியே சந்தித்துப் பேச வேண்டும் என்பது சிறுவர் நீரிழிவுச் சிகிச்சையில் உலகளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. நெரிசலான நமது கிளினிக்குகளில் அது இலகுவல்ல என்பது உண்மைதான். ஆனால் பெற்றோர் பத்து நிமிடம் வெளியே போய் நிற்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

நீரிழிவுள்ள பிள்ளை வாந்தி எடுத்தால், சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முற்றாக நிறுத்தவே கூடாது. சீனியைப் பார்த்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். வருபவர்களிடம் முதலாம் வகை நீரிழிவு என்பதையும், போதை எடுத்திருக்கிறான் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். மானம் போய்விடும் என்று இரண்டாவதை மறைத்தால், காரணம் தேடுவதிலேயே சிகிச்சைக்குரிய நேரம் போய்விடும்.